தோல் மண்டியிலிருந்து ஆய்வுக்கூடம் வரை

சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறும் பட்டதாரிகளில் பலர் மறுநாள் விடியலில் இறங்குவது தாம்பரத்தில். அறிவியலை நம்பிப் பிழைக்கும் நகரம் எது என்று கேட்டால் அவர்கள் பழைய மகாபலிபுரம் சாலையைக் காட்டுவார்கள். 2000-இல் திறந்த டைடல் பூங்காவிலிருந்து கதையைத் தொடங்குவார்கள். அவர்கள் இறங்கிய ரயில் பாதையின் ஓரத்திலேயே அதைவிட ஒரு நூற்றாண்டு மூத்த கதை கிடக்கிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று நீளும், 2021-இல் ஒரே மாநகராட்சியாகிவிட்ட அந்தப் புறநகரில் அறிவியல் நுழைந்தது தோல் வழியாக. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொழில் ஒன்று சிக்கலில் மாட்டி விடை தேடும்போதுதான் ஓர் ஊரில் அறிவியல் வேர்பிடிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் இல்லை.  

19-ஆம் நூற்றாண்டில் மதராஸ் மாகாணத்துத் தோலுக்கு லண்டன் சந்தையில் தனி மதிப்பு இருந்தது. ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிய தோல் அது. பட்டையின் தரம், ஊறவைக்கும் குழியின் பக்குவம், எந்தத் தோலை எப்போது எடுப்பது என்ற கணக்கு எல்லாம் பதனிடுபவரின் கையிலும் மூக்கிலும் இருந்தன. 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோமிய உப்பில் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வாரங்கள் பிடித்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. கொதிநீரையும் தாங்கும் தோல் கிடைத்தது. விளைவு விரைவிலேயே மதராஸுக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்க வணிகர்கள் ஆட்டுத்தோலைப் பதனிடாமலேயே வாங்கிக் கப்பலேற்றத் தொடங்க, பச்சைத்தோலின் விலை ஏறியது. உள்ளூர்ப் பதனிடும் கூடங்களுக்குத் தோலும் போயிற்று, லாபமும் போயிற்று.

இந்த நெருக்கடிக்கு விடை தேடியவர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன். கலைத் தொழிற்பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலை முன்பே தொடங்கிவைத்திருந்த அந்தப் பொறியாளர், 1903 முதல் அரசுச் செலவில் குரோம் பதனிடும் சோதனைகளை நடத்தினார். அவர் மனத்தில் முதலில் இருந்தது லண்டன் சீமாட்டியின் கையுறை அல்ல. கமலையில் நீர் இறைக்கக் கட்டும் தோல். எப்போதும் ஈரத்தில் கிடக்கும் அது சீக்கிரம் அழுகிவிடும், குரோம் தோலோ தாக்குப்பிடிக்கும். மாகாண அரசே தொழில் நடத்துவதா என்று ஐரோப்பிய வணிகர்கள் கொதித்தார்கள். 1910-இல் பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரி மார்லி அவர்கள் பக்கம் சாய்ந்து, அரசின் தொழில் முயற்சிகளுக்குக் கடிவாளம் போட்டார். ஆனால் நுட்பம் அதற்குள் வெளியே வந்துவிட்டது. முதல் உலகப்போருக்குச் சற்று முன் ஜி.ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்தை அடுத்து குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். குரோம்பேட்டை என்ற பெயர் அந்தக் கம்பெனி விட்டுச்சென்றது.

1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் ஊரின் முகம் மாறியது. தோல் வணிகம் செய்த முஸ்லிம் குடும்பங்கள், பதனிடும் கூடங்களில் உழைத்த தலித் மக்கள், பரங்கிமலைப் பக்கத்து ஆங்கிலோ இந்தியர்கள் ஆகியோருக்கு நடுவே நகரத்துக்கு வேலைக்குப் போய்வரும் குமாஸ்தாக்கள் குடியேறினார்கள். 1949-இல் தொழிலதிபர் சி. ராஜம் தம் வீட்டை விற்ற பணத்தைப் போட்டு மதராஸ் தொழில்நுட்பக் கல்லூரியை (எம்.ஐ.டி.) நிறுவியது குரோம்பேட்டையில்தான். விமானப் பொறியியலையும் மின்னணுவியலையும் அப்போதே பாடமாக்கிய அந்த எம்.ஐ.டி.யில் அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, சில மைல் தள்ளி அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியிருந்தது. பின்னாளில் அதன் இயக்குநரான நாயுடம்மா, ஆய்வாளர் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடாமல் பதனிடும் கூடத்துக்குப் போக வேண்டும் என்று வற்புறுத்தினார். 1970-களின் தொடக்கத்தில், தோல் ஏற்றுமதி குறித்து அமைத்த சீதாராமையா குழு சொன்னபடி, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. பதனிடுவோர் முழுப் பதனீட்டுக்கும் காலணிக்கும் மாறியே ஆக வேண்டியதாயிற்று. மாறுவதற்கான நுட்பத்தோடு ஆய்வுக்கூடம் அருகிலேயே இருந்தது.

துறைமுகமும் தலைநகரும் பக்கத்தில் இருந்ததால் நடந்தது, இதில் தொழிலுக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். அருகாமை உதவியது உண்மை. ஆனால் காரைக்குடியைப் பாருங்கள். அங்கே ஓர் ஆய்வு நிலையம் அமைய அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. உலகத்தரமான ஆய்வுகள் அங்கே நடந்திருக்கின்றன. ஆனாலும் ஊரைச் சுற்றி ஒரு மின்வேதித் தொழில் பேட்டை முளைக்கவில்லை. மாறாக, துறைமுகத்திலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் ஆம்பூரும் வாணியம்பாடியும் முழுப் பதனீட்டுக்கும் காலணிக்கும் ஏறிவந்தன. அங்கே தொழில் முன்பே இருந்தது. தூரத்தைவிட இதுதான் பெரிய வேறுபாடு என்பது என் முடிவு.

இன்னொரு மறுப்பை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. இந்த அறிவியலுக்கு விலை கொடுத்தது யார்? குரோமியக் கழிவு நிலத்தடி நீரில் கலந்தது. குரோம்பேட்டைப் பக்கத்து நாகல்கேணியைச் சுற்றியிருந்தவர்கள் கிணற்றை இழந்தார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், குரோம்பேட்டை அடங்கிய அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் கூடங்களுக்குத் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்து, சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் இயங்கக் கூடாது என்றது. 1948-லிருந்து ஆய்வுக்கூடம் இருந்தும், கழிவுச் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்க நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. குழியில் இறங்கி உழைத்தவர்களின் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு எம்.ஐ.டி.யின் வாசல் திறந்தது என்ற கேள்வியும் அங்கேயே நிற்கிறது. குரோம்பேட்டை பின்பற்றத்தக்க வழி. அதன் சாக்கடையையும் சேர்த்துப் பின்பற்றத் தேவையில்லை.

அந்தப் பட்டதாரிகள் ரயிலேறும் சங்கரன்கோவிலுக்கு இதில் பாடம் இருக்கிறது. விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு அந்த ஊரில் குறைவு. பருத்திச் சேலையும் சாயமும் கஞ்சியும் அதன் சோறு. கோவை ஆலைகளுக்குச் சிட்ரா என்ற ஜவுளி ஆய்வு நிலையம் 1956-இலேயே கிடைத்தது, ஆலைக்காரர்கள் கேட்டதால். தேர்தலுக்குத் தேர்தல் ஐ.டி. பூங்கா கேட்கும் மனுக்களோடு, சாயக்கழிவு, நூல் தரம், தறியின் மின்செலவு ஆகிய மூன்றையும் ஆராயும் கூடம் ஒன்றையும் தறிக்காரர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து கேட்க வேண்டும். சுத்திகரிப்புக்கு ஆகும் பணத்தையும் அதே மனுவில் கேளுங்கள்.