இலங்கையிற் பட்டின அமைப்பும் உள்ளூராட்சி மன்றங்களும்

நிலம் ஒருவரின் உடைமையாயினும், அதனை அவர் பயன்படுத்தும் முறை அயலார் அனைவரையும் தாக்குவதாகும். ஆதலின் நகர நிலத்தின் பயன்பாட்டை நெறிப்படுத்தல் ஆட்சியின் கடமையாயிற்று. அக்கடமை ஊரவர் தெரிந்த சபைக்குரியதா, தலைநகர்த் திணைக்களத்துக்குரியதா என்பது இலங்கையில் நெடுங்காலமாக நிலவிவரும் வினாவாகும்.

1865 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகக் கொழும்பிலும் கண்டியிலும் மாநகரசபைகள் தோன்றின. 1914 இற் கொழும்பிற் பிளேக்கு நோய் பரவியது. நெருங்கிய குடியிருப்புக்களின் கேட்டினை அது யாவர்க்கும் உணர்த்திற்று. மறு ஆண்டிலே வீடமைப்பு, பட்டின மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. இதன்படி, சபைத் தலைவரின் அனுமதியின்றி எவரும் கட்டடம் எழுப்பலாகாது. எழுப்பிய பின்னரும், அனுமதித்த படத்துக்கு அமைந்ததெனச் சான்றிதழ் பெறாது அதிற் குடிபுகலாகாது. உள்ளூராட்சிக்குக் கிடைத்த பேரதிகாரம் இதுவே. எனினும் இச்சட்டம் ஒவ்வொரு காணியையும் தனித்தனியே நோக்கியதன்றி, நகரை ஒரு முழுமையாக நோக்கவில்லை.

அம்முழுமை நோக்கை அளித்தவர் பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர். சென்னை மாகாணத்து நகரங்களை முன்னரே ஆராய்ந்த அவர், 1921 இற் கொழும்புக்கு ஒரு திட்டம் வகுத்தார். பழையனவற்றை முற்றாகத் தகர்க்காது, வேண்டிய அளவே திருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

1946 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கப் பட்டின, நாட்டுப்புற அமைப்புக் கட்டளைச் சட்டம் திட்டமிடலுக்கெனத் தனித் திணைக்களம் அமைய வழிவகுத்தது. 1948 இற் பற்றிக் அபர்குறொம்பி கொழும்புப் பிரதேசத்துக்குத் திட்டம் தந்து, நெரிசலைத் தணிக்கத் துணை நகரங்களை விதந்துரைத்தார். இவ்வாறு திட்டம் வகுத்தல் மத்திய அரசின்பாற் சென்றது. அனுமதி வழங்கும் அன்றாடப் பணி சபைகளிடம் எஞ்சியது. 1978 இன் 41 ஆம் இலக்கச் சட்டம் நகர அபிவிருத்தி அதிகாரசபையை நிறுவியபோது இப்பிரிவு மேலும் அழுத்தம் பெற்றது. பிரகடனஞ் செய்யப்பட்ட பகுதிகளில் அனுமதி வழங்கும் அதிகாரமும் அச்சபையின் உரிமையாயிற்று. உள்ளூர் மன்றங்கள் அதனைக் கையளிப்பின் மூலமே பெற்றுச் செயற்படுத்துகின்றன.

வெள்ளம் வடியும் வாய்க்கால் எது, மேய்ச்சற்றரை எது என்பதை அவ்வூரார் நன்கறிவர். அவ்வறிவு திட்டம் வகுக்கும் இடத்தை எட்டாதாயின், சட்டம் எத்துணைச் செப்பமாயினும் வாய்க்காலின் மேல் வீடு எழுவதைத் தடுக்க இயலாது. திட்டம் வகுக்குங்காலத்தே ஊர்ச்சபைக்கு இடமளித்தலே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.