பிடிப்பவரின் பிடித்தம்

'அடிக்கிறவனோட சம்பளச் சீட்டப் பாத்து நாம என்ன பண்ணப் போறோம்?' என்று தோழர்கள் கேட்கக்கூடும். பார்க்கத்தான் வேண்டும் என்கிறேன் நான். அதிகாரம் தன் சிப்பந்தியை எதைக் கொண்டு கட்டிப்போட்டிருக்கிறது என்பது அதில் எழுதியிருக்கிறது.

சிந்தாதிரிப்பேட்டை, 1734இல் கம்பெனி நெசவாளர்களைக் குடியேற்றிய 'சின்னத் தறிப் பேட்டை'. இன்று அங்கே மே தினப் பூங்காவும் உண்டு, போலீஸ் ஸ்டேஷனும் உண்டு. மே தினத்துக்கு உரியவர் தன் கூலியில் விழும் பிடித்தத்தைக் கூட்டாக எதிர்க்கலாம். ஸ்டேஷனில் இருப்பவரால் முடியாது. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

சென்னைக்கு 1859, 1888 எனத் தனிப் போலீஸ் சட்டங்கள் வந்தன. நாட்டின் பெரும்பகுதிக்கு 1861ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 7ஆம் பிரிவின்படி, வேலையில் அசட்டையாக இருந்த போலீஸ்காரருக்கு ஒரு மாதச் சம்பளம் வரை அபராதம் போடலாம். ஆலைத் தொழிலாளிக்கோ 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் உச்சவரம்பு விதித்தது: ரூபாய்க்கு அரையணா. வசூலான அபராதத்தையும் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது முதல் நடந்த போராட்டங்களை விட்டுவிட்டு இந்த அரையணாவைப் புரிந்துகொள்ள முடியாது.

இன்றைய சீட்டில் பிடித்தங்கள் பலவகை. ஆறு மாதத்துக்கொரு முறை தொழில் வரி மாநகராட்சிக்குப் போகிறது. வருமான வரி மத்திய அரசுக்கு. மருத்துவக் காப்பீடு நோய் வந்தால் உதவும். முதுமைக்கான பிடித்தத்தில்தான் ஒரே ஸ்டேஷனில் நிற்கும் இருவர் பிரிகிறார்கள். 2003 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்தவருக்குப் பொது வருங்கால வைப்பு நிதி: அது அவருடைய சேமிப்பு, ஓய்வூதியம் தனி. அதற்குப் பின் வந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவரப்பட்டது: அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் பிடித்தம்; ஆனால் மாதாமாதம் இவ்வளவு கிடைக்கும் என்ற உத்தரவாதம் அதில் இருக்கவில்லை.

இதை எதிர்த்து 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தம் செய்தது. ஆசிரியர்களை வேனில் ஏற்றியவர்களிலும் அதே 10 சதவீதத்தைப் பறிகொடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியில்லாமல் தொழிற்சங்கத்தில் சேரும் போலீஸ்காரருக்கு 2 ஆண்டு வரை சிறை. 1979இல் பல மாநிலங்களில் போலீஸ்காரர்கள் கொதித்தெழுந்தபோது, பொகாரோவில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர்மீது ராணுவமே ஏவப்பட்டது.

லாக்கப் சாவுகளுக்கு இதெல்லாம் சமாதானம் ஆகாது. அந்தக் கணக்கு தனி. ஆனால் தன் சம்பளத்துக்காக வாய் திறக்க முடியாதவர் கையில்தான் அரசு நம்மை அடக்க லத்தியைத் தருகிறது. அவருடைய சங்க உரிமையும் நம் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்கிறேன். மறுப்பவர்கள் எழுதட்டும், பேசுவோம்.