கொள்ளிடத்தில் மிதந்து போன இரும்பு

மன்னார்புரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் பிளஸ் ஒன் போனதும் கேட்கிற சந்தேகம் ஒன்று உண்டு. ஒரு வினையில எது ஆக்சிஜனேற்றம், எது ஒடுக்கம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதற்கு நான் சொல்லும் உதாரணம் நம்ம கொள்ளிடம் வழியாகவே போன ஒன்று.

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், வேலையை விட்டுவிட்டு 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். ஆலை கடலோரத்தில், தாதுவோ சேலத்தில். ஆகவே தாதுவைப் பரிசல்களில் ஏற்றிக் காவிரியில் விட்டார்கள். அங்கிருந்து கொள்ளிடம், பிறகு கான் சாகிப் கால்வாய், கடைசியில் பரங்கிப்பேட்டை. ஸ்ரீரங்கத்துக்கு வடகரையில் ஓடுகிற அதே கொள்ளிடம்தான்.

சேலத்துக் கஞ்சமலைப் பக்கம் கிடைப்பது மேக்னடைட். அதில் மூன்று இரும்பு அணுக்கள், நான்கு ஆக்சிஜன் அணுக்கள். ஆக்சிஜன் ஒவ்வொன்றுக்கும் எண் −2, மொத்தம் −8. அதை ஈடுகட்ட மூன்று இரும்புக்கும் சேர்த்து +8. உலையில் கரி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு ஆகிறது; அதில் கார்பனின் எண் +2. ஒரு மேக்னடைட்டும் நான்கு கார்பன் மோனாக்சைடும் வினைபுரிந்தால் மூன்று இரும்பும் நான்கு கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும்.

இப்ப எண்களை மட்டும் பாருங்க. இரும்பு +8-லிருந்து 0-க்கு இறங்கிடுச்சு: எட்டு எலக்ட்ரான் வரவு, அது ஒடுக்கம். கார்பன் ஒவ்வொன்றும் +2-லிருந்து +4-க்கு ஏறுச்சு: நாலு கார்பனுக்கு எட்டு எலக்ட்ரான் செலவு, அது ஆக்சிஜனேற்றம். ஆக்சிஜனின் எண் மாறவே இல்லை. வரவும் செலவும் சரியா நேர் ஆகுது பாருங்க.

இந்தச் செலவுக் கணக்குதான் ஆலையின் கழுத்தைப் பிடித்தது. மேலே சொன்ன வினைக்கு மட்டுமே ஒரு டன் இரும்புக்குச் சுமார் 286 கிலோ கார்பன் வேண்டும். உலையைச் சூடாக்குவதும் கரிதான் என்பதால், உண்மையில் எரிந்தது இதைப்போல் பல மடங்கு. நம்மூர்க் கொல்லர்களும் காலங்காலமாக மண் உலையில், தோல் துருத்தி ஊதி, இதே வினையைத்தான் நடத்தினார்கள். ஆனால் அவர்கள் உலை சின்னது, காடு தாங்கியது. ஹீத்தின் உலைகளுக்கு மரம் வெட்ட வெட்ட காடு தூரமாகிப் போனது, கரியின் விலை ஏறியது. வேறு சிக்கல்களும் சேர்ந்துகொள்ள, அரை நூற்றாண்டுகூட அந்த ஆலை நிற்கவில்லை.

அதனால பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: ஒடுங்கினது எதுன்னு கண்டுபிடிச்சதோட நிறுத்தாதீங்க. அதுக்கு எலக்ட்ரான் கொடுத்தது எதுன்னும் கேளுங்க. பரங்கிப்பேட்டையில் கொடுத்தது காட்டு மரம்.