தரவு வடிவங்களின் வரலாறு

கணினி நிரல்கள் தகவலைச் சேமிக்கவும் ஒன்றுக்கொன்று அனுப்பவும் கையாளும் எழுத்து ஒழுங்கே தரவு வடிவம் எனப்படும். இவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வேலைக்காகப் பிறந்தவை. வேறு வேலைக்கு எடுத்துச் செல்லப்பட்டபோதே குறைகள் வெளிப்பட்டன.

1969-இல் ஐபிஎம் நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகியோர் சட்ட அலுவலக ஆவணங்களைக் கணினியில் கையாள முற்பட்டனர். எழுத்தின் அளவைக் குறிக்காமல், இது தலைப்பு, இது பத்தி என்று உரையின் உறுப்புகளைக் குறியிடும் முறையை வகுத்தனர். ஜிஎம்எல் என்ற அதன் பெயரில் மூவரின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளும் அடங்கியுள்ளன. அது 1986-இல் எஸ்ஜிஎம்எல் என்ற பன்னாட்டுத் தரமாக வளர்ந்தது. அதன் எளிய வடிவமே 1998 பிப்ரவரியில் வெளியான எக்ஸ்எம்எல். நூல், சட்டம், அகராதி போன்று, ஓடும் உரைக்கு நடுவே குறியிட வேண்டியவற்றுக்கு இன்றும் அது பொருத்தமானது.

ஆனால் அன்றைய உற்சாகத்தில் எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்தினர். பெயரும் வயதும் மட்டும் அனுப்பும் இடத்திலும் ஒவ்வொரு மதிப்பையும் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் சூழ்ந்தன. சுளையைவிடத் தோல் கனத்தது. 2001-இல் டக்ளஸ் கிராக்ஃபோர்டு ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் ஒரு பகுதியை எடுத்து ஜேசன் வடிவத்தை முன்வைத்தார். உலாவிக்கும் வழங்கிக்கும் இடையே சிறு பதிவுகளை அனுப்ப அது போதுமானதாயிற்று. நிரலர் தமக்காக எழுதிக்கொள்ளும் குறிப்புகளுக்கு மட்டும் அதில் இடமில்லை. குறிப்புகளுக்குள் நிரலுக்கான கட்டளைகளைச் சிலர் எழுதத் தொடங்கியதால் தாமே அதை நீக்கியதாகக் கிராக்ஃபோர்டு பின்னர் கூறினார். நிரலுக்கு நிரல் செல்லும் தரவுக்கு இது நல்ல முடிவு. மனிதர் கையால் திருத்தும் அமைவுக் கோப்புக்கோ பெருங்குறை. இந்த எண்ணை ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதிவைக்க வழியில்லை.

அத்தகைய கோப்புகளுக்கு யாமல் பரவியது. மேற்கோள்குறிகூட வேண்டாம் என்பதே அதன் கவர்ச்சி. ஆனால் அதன் 1.1 பதிப்பில், நார்வேயின் ஈரெழுத்து நாட்டுக் குறியீடு, 'இல்லை' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகக் கொள்ளப்பட்டது! 2009-இல் வந்த 1.2 பதிப்பு இதைத் திருத்தியது.

அட்டவணைக்குக் காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வியைவிட எளியது வேறில்லை. எனினும் எது பெயர், எது தேதி என்று அது சொல்வதில்லை. திறக்கும் மென்பொருளே ஊகித்துக்கொள்கிறது. 'செப்ட்1', 'மார்ச்1' என்ற மரபணுப் பெயர்களை விரிதாள் மென்பொருள் தேதிகளாக மாற்றியது. 2004-இலேயே எச்சரிக்கை வெளிவந்தும் பிழை நிற்கவில்லை. எக்செல் வடிவில் மரபணுப் பட்டியல்களை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்பிழை இருந்ததை 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. மென்பொருள் திருந்தும் என்று காத்திராமல், 2020-இல் மரபணுப் பெயரிடல் குழு 'செப்டின்1', 'மார்ச்எஃப்1' என மரபணுக்களின் பெயர்களையே மாற்றி அறிவித்தது.