லித்தோஸ்: ஒரு கிரேக்கச் சொல்லும் திருவள்ளூர்க் கற்களும்

புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் பயிலும் இறையியல் மாணவர் ‘லித்தோஸ்’ என்னும் சொல்லை நன்கறிவர். கல் என்பது அதன் பொருள். கட்டுவோர் ஒதுக்கிய கல்லைப்பற்றி ஆண்டவர் உரைத்த இடத்திலும் (மத்தேயு 21:42), கல்லறை வாயிலினின்று புரட்டப்பட்ட கல்லைப்பற்றி மாற்கு எழுதும் இடத்திலும் (16:4) இச்சொல்லே வழங்குகிறது.

மருத்துவமும் அறிவியலும் இதனைக் கடன்கொண்டுள்ளன. சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் சிகிச்சை ‘லித்தாட்டமி’ எனப்படும். இப்போகிராத்தின் பெயரால் வழங்கும் உறுதிமொழி, அவ்வறுவையை அத்தொழில் வல்லாரிடமே விட்டுவிடுமாறு மருத்துவரைப் பணிக்கிறது. கத்தியின்றி, அதிர்வலைகளால் சிறுநீரகக் கல்லை உடைக்கும் ‘லித்தோட்டிரிப்சி’ 1980இல் முனிக் நகரில் முதன்முதலாக நோயாளிக்குச் செய்யப்பட்டது. 1817இல் கனிமமொன்றில் கண்டறியப்பட்ட தனிமம், கல்லினின்று கிடைத்தமையால் ‘லித்தியம்’ என்று பெயர் பெற்றது. அதன் உப்பு இன்று மனநோய்க்கு மருந்தாகிறது.

எனினும், இச்சொல் நம் மண்ணைத் தொட்ட வரலாறே நமக்கு மிக அணுக்கமானது. புவியியல் அளவைத் துறையினரான இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30இல் பல்லாவரத்தில், மனிதக் கையால் செதுக்கப்பட்ட கல்லொன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும், பொதட்டூர்பேட்டை அடங்கிய இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள அதிரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகள் பலவற்றைக் கண்டனர். அக்காலத்தைக் குறிக்கும் ‘பேலியோலித்திக்’ என்னும் சொல்லையோ, ஜான் லப்பக் 1865இல்தான் படைத்தார். ‘பழைய’, ‘கல்’ எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. கல் முந்திற்று, பெயர் பிந்திற்று.

ஃபூட்டின் மாமனார், ஆறுமுக நாவலரின் துணையுடன் திருமறையைத் தமிழாக்கி 1850இல் வெளிக்கொணர்ந்த அருட்திரு பீட்டர் பெர்சிவல் ஆவார். மாமனார் ஏட்டில் கண்ட சொல்லை, மருமகன் மண்ணில் கண்டார் எனலாம்.

உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்னும் அஷர் பேராயரின் கணக்கு ஆங்கிலத் திருமறைகளின் ஓரங்களில் அச்சிடப்பட்டு வந்த காலம் அது. அதிரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்வுண்மை படைப்பின் மேலுள்ள நம் விசுவாசத்தைக் குறைப்பதன்று. படைத்தவரின் பொறுமையை நாம் அளந்த கோலே சிறிது என்பதைக் காட்டுவதாகும். ஒதுக்கப்பட்ட கல்லைப்பற்றிப் பிரசங்கிக்கும் ஆயர், தம் சபையார் நாள்தோறும் மிதித்துச் செல்லும் கற்களையும் ஒருமுறை குனிந்து நோக்குவாராக.