திருகோணமலையில் காணி விலை விழுந்த காலங்கள்

திருகோணமலை டவுனில நின்று "இப்ப காணி என்ன விலை போகுது?" என்று மூன்று பேரிடம் கேட்டுப் பாருங்கள். தரகர், "விலை குறையேல்ல தம்பி, ஆனா வாங்கத்தான் ஆள் இல்ல" என்பார். விற்க நிற்பவர், "நான் சொன்னதுல பாதிக்குக் கேக்குறாங்க" என்பார். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்தவர், "இப்ப சரியான மலிவு" என்பார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. மூன்று பேரும் வேறு வேறு விலையைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

2022 நெருக்கடிக்குப் பிறகு எங்களுக்குள் அடிக்கடி வந்த கேள்வி இது: இந்த ஊரில் வீடு, காணி விலை உண்மையில் விழுந்ததா? விடை தேடப் போனால் முதல் படியிலேயே தடக்கு. இலங்கை மத்திய வங்கி அரையாண்டுக்கு ஒருமுறை காணி மதிப்பீட்டுச் சுட்டி ஒன்றை வெளியிடுகிறது. அது கொழும்பு மாவட்டத்துக்கு மட்டும். 2008 இல் அமெரிக்காவில் வீட்டு விலை சரிந்தபோது, ஒரே வீடு மறுபடி மறுபடி விற்கப்படும் விலையை ஒப்பிடும் கேஸ்-ஷில்லர் சுட்டெண்ணை வைத்து எந்த நகரில் எவ்வளவு விழுந்தது என்று மாதா மாதம் பார்க்க முடிந்தது. எங்கட ஊருக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதனால் நாங்கள் பின்னோக்கிப் போனோம். இந்த ஊரில் சந்தை முன்பு எப்போதெல்லாம் படுத்தது, அதை எதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தோம்.

முதலில் துறைமுகம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னுமாக பிரித்தானியக் கடற்படை இங்கே தளத்தைப் பெருப்பித்தது. சீனக்குடாவில் இன்றும் நிற்கும் 99 எண்ணெய்த் தாங்கிகள் அந்தக் காலத்துச் சாட்சி. வேலை தேடி யாழ்ப்பாணத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சனம் வந்தது. வந்த சனத்துக்குப் படுக்க இடம் வேண்டும். ஆனால் துறைமுகத்தைச் சுற்றிய நிலத்தில் பெரும்பகுதி அரச முடியின் கையில். ஊர்ச்சனம் உறுதியோடு வாங்கி விற்கக்கூடிய நிலம் கொஞ்சம்தான். இடம் நெருக்கம், ஆள் அதிகம். விலைக்கு அடித்தளம் போட்டது இந்த நெருக்கம்தான்.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. சனம் ஊரை விட்டு உள்நாட்டுக்கு ஓடியது. ஆளில்லாத ஊரில் விலை என்று ஒன்று இருக்க முடியாது. அப்போது ஓடியவர்கள் திரும்பினார்கள், போர் முடியும்வரை தளமும் இயங்கியது. ஆனால் 1957 வேறு கதை. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அரசு பேசி முடித்து, அந்த ஆண்டு ஒக்டோபர் 15 இல் தளம் இலங்கையிடம் வந்தது. நாட்டுக்கு அது பெருமையான நாள். தளத்துச் சம்பளத்தை நம்பி வாடகை கொடுத்த குடும்பத்துக்கும், அந்த வாடகையை நம்பிய வீட்டுக்காரருக்கும் அது வேறு மாதிரி நாள். பிலிப்பைன்ஸின் சுபிக் குடாவிலிருந்து 1992 இல் அமெரிக்கக் கடற்படை வெளியேறியபோது பக்கத்து ஒலொங்காப்போ நகரத்துக்கு வந்த கேள்வியும் இதுதான்: ஒரே ஒரு முதலாளியை நம்பிய ஊர், முதலாளி போனபின் என்ன செய்யும்? திருகோணமலைக்குப் பெரிய தொழிற்சாலைகள் வர இருபது வருடங்களுக்கு மேல் எடுத்தது. பிரிமா மாவு ஆலையும் டோக்கியோ சீமெந்தும் அதற்குப் பிறகு வந்தவை.

இந்த இரண்டும் ஒரு விசயத்தைக் காட்டுகின்றன. இங்கே விலை வட்டி வீதத்தோடு மட்டும் ஏறி இறங்குவதில்லை. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பதோடு ஏறி இறங்குகிறது.

1983 இல் இது கொடூரமாகத் தெரிந்தது. அந்த யூலையில் கடற்படையினர் சிலர் முகாமை விட்டு வெளியேறி நகரில் தமிழரின் கடைகளையும் வீடுகளையும் எரித்தார்கள். அடுத்து வந்த வருடங்களில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று மூன்று பக்கத்துச் சனமும் இந்த மாவட்டத்தில் வெவ்வேறு காலங்களில் வீட்டைப் பூட்டிவிட்டு ஓட வேண்டி வந்தது. சிலர் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிலர் விற்கவேயில்லை, சாவியை மட்டும் கொண்டு போனார்கள். இதைச் "சந்தை வீழ்ச்சி" என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. சந்தை என்றால் விற்பவனுக்கு "மாட்டேன்" என்று சொல்லும் வசதி இருக்க வேண்டும்.

இங்கேதான் சட்டம் உள்ளே வருகிறது. இலங்கையின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, ஒருவர் பத்து வருடம் தடையில்லாமல், உரிமையாளருக்கு எதிராக ஒரு காணியைத் தன் காணியாக ஆண்டுவந்தால் அதற்கு உரிமை கோரலாம். அமைதியான ஊருக்கு இது பொருந்தலாம். திரும்பி வந்து எல்லை பார்க்கவே முடியாதவனுக்கு? 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இதற்காகவே வந்தது. ஆயுதக் குழுவின் செயல்களால் உரிமையைத் தேட முடியாமல் போனவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விடச் சொன்னது. நல்ல சட்டம்தான். ஆனால் அதற்கும் வழக்குப் போட வேண்டும், கையில் காகிதம் வேண்டும்.

2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. அதன்பின் அரசு கரையோரத்தில் வீடு கட்டத் தடை வலயம் அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர். ஒரே நாளில் கரையோரக் காணிக்குப் பெறுமதி இல்லாமல் போனது. அடுத்த வருடமே விதி தளர்த்தப்பட்டது. போர் முடிந்தபின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அதே கரை ஹோட்டல்காரரின் கண்ணில் பட்டு விலை ஏறியது. இடையில் பயத்தில் விற்றவருக்கு நட்டம், பொறுத்திருக்க வசதி இருந்தவருக்கு இலாபம்.

இப்போது 2022க்கு வருவோம். அந்த ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. அதே மாதம் மத்திய வங்கி வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 அளவுக்குப் போனது. கொழும்புப் பணவீக்கம் செப்டெம்பரில் 70 சதவீதத்தைத் தொட்டது. சீமெந்து மூடை 3,000 ரூபா அளவுக்கு ஏறியது, டோக்கியோ சீமெந்து ஆலை எங்கட சீனக்குடாவிலேயே இருந்தும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பேர்ச் 10 லட்சமாக இருந்து 12 லட்சம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். ரூபாவில் 20 சதவீதம் ஏற்றம். டொலரில் பார்த்தால் 5,000 இலிருந்து 3,333. சாமான் விலை 70 சதவீதம் ஏறிய நாட்டில் அந்த 12 லட்சத்துக்கு, பழைய 7 லட்சத்துக்கு வாங்கியதைத்தான் வாங்கலாம். தரகர் சொன்னதும் சரி, லீவுக்கு வந்தவர் சொன்னதும் சரி. ஆனால் லீவுக்காரரிடம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் இருந்தால், 2014 இன் 38 ஆம் இலக்கச் சட்டப்படி அவர் பெயரில் காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை வேண்டும். இல்லாவிட்டால் தம்பி பெயரிலோ தங்கச்சி பெயரிலோ வாங்குவதுதான். அந்தக் கதை எப்படி முடியும் என்று பல குடும்பங்களுக்குத் தெரியும்.

அப்ப, சுட்டெண் இல்லாத ஊரில் எதைப் பார்ப்பது? விளம்பரப் பலகையில் இருக்கும் விலையை நம்ப வேண்டாம், அது ஆசை. உறுதியில் எழுதிய விலையையும் முழுதாக நம்ப வேண்டாம், முத்திரை வரியைக் குறைக்கப் பலர் குறைத்தே எழுதுவார்கள். ஒரே பலகை எத்தனை மாதமாக அதே வேலியில் தொங்குகிறது என்று பாருங்கள். கம்பி நீட்டியபடி பாதியில் நிற்கும் வீடுகளை எண்ணுங்கள். காணிப் பதிவகத்தில் ஒரே துண்டு எப்போதெல்லாம் கைமாறியது என்று தேடுங்கள். எண்பதுகளில் ஒரு துண்டு அவசரமாகக் கைமாறியிருந்தால் அங்கே நின்று யோசியுங்கள்.

கடைசியாக, என்ன காகிதம் என்று கேளுங்கள். அறுதி உறுதியா, அரச அனுமதிப்பத்திரமா, ஒன்றுமே இல்லையா? 2025 இல் முத்துநகர் விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். பல காலமாக விதைத்த வயல், துறைமுக அதிகார சபையின் நிலம் என்று சொல்லிச் சூரிய மின் திட்டங்களுக்குக் கொடுக்கப்பட்டதே காரணம். உழுதவன் கையில் உறுதி இல்லாவிட்டால், விலை ஏறினாலும் இறங்கினாலும் அவனுக்கு ஒன்றுதான்.

எங்கள் வயதுக்காரர் பலர் இப்போதுதான் முதல் தடவையாக வீட்டுக்கடன், காணி என்று பேசத் தொடங்கியிருக்கிறோம். மலிவு என்று கேள்விப்பட்டால் காசைப் பற்றி மட்டும் விசாரிக்காமல், அதை விற்றவர் யார், ஏன் விற்றார், இப்போது எங்கே இருக்கிறார் என்றும் விசாரியுங்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய உறுதி இருந்தால் இந்த வாரமே எடுத்து வாசித்து, படம் பிடித்து வையுங்கள். அம்மம்மாவிடம் எல்லைக்காணிக்காரரின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். எங்களில் இருவர் அதைத் தொடங்கிவிட்டோம்.