பேயும் தனியார் கம்பெனியும்

'கோஸ்ட்பஸ்டர்ஸ்' (1984), அதன் இரண்டாம் பாகம் (1989) இரண்டையும் வீட்டில் ஒரே ராத்திரியில் மறுபடி பார்த்தோம். சிரிப்பு வருது. யாரைப் பார்த்து?

பல்கலைக்கழகம் துரத்திய மூவர் வீட்டை அடகு வைத்துப் பேயோட்டும் கம்பெனி தொடங்குகிறார்கள். பிடித்த பேய்களை நியூயார்க்கின் நடுவே, அனுமதியின்றி, அடைத்து வைக்கிறார்கள். கேள்வி கேட்கும் சுற்றுச்சூழல் முகமை அதிகாரிதான் வில்லன். பேய்கள் வெடித்துக் கிளம்பும் பழியும் அவன் தலையில்.

1978இல் அதே மாநிலத்தின் லவ் கெனாலில், கம்பெனி புதைத்த ரசாயனக் கழிவு வீடுகளுக்குள் கசிந்தது. 1980இல் சட்டம் வந்தது. 1981இல் ரீகன் ஆட்சி முகமையின் நிதியை வெட்டியது. நச்சுக்கழிவு நிதி விவகாரத்தில் அதன் தலைவர் 1983இல் விலகினார். மறுவருஷம் திரையில் முகமையே கோமாளி.

இரண்டாம் பாகத்தில் மண்ணுக்கடியில் பிசின் ஆறு ஓடுகிறது. அதற்குத் தீனி மக்களின் கோபம். ஏன் கோபம் என்று பிரதி கேட்பதில்லை. 1988 ஆகஸ்டில் டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில், பூங்காவை இரவில் மூடுவதை எதிர்த்துக் கூடியவர்களைப் போலீஸ் அடித்தது. மறுவருஷம் வந்த படம் சுதந்திர தேவி சிலையை நடக்கவிட்டு, ஊரே சேர்ந்து பாடி, கோபத்தைக் கரைத்துவிடுகிறது.

பேயோட்டுறவன் ஜெயிக்கணும்னு நாமும்தான் கைதட்டினோம். புதைச்சவன் யாருன்னு கேட்டவனை அல்லவா அப்போது கேலி செய்தோம்?